காலத்தைப் பார்த்துச் சொன்னது

இருபத்தாறு வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. யார் வாயைத் திறந்தாலும் அதில் அணி தேடுவேன். காலாப்பட்டு பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தினால் மற்றவர்கள் உள்ளே போவார்கள். நான் படிக்கட்டிலேயே நின்று, மூன்று தடவை சொன்னதில் எந்தத் தடவைக்கு அழுத்தம் அதிகம் என்று யோசிப்பேன். அம்மா "நீ நல்லா வருவடி, ரொம்ப நல்லா வருவ" என்றால் வஞ்சப் புகழ்ச்சி என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். (எதற்குத் திட்டினாள் என்பதைக் குறித்துக்கொள்ள மாட்டேன். அதனால் மறுநாளும் அதே திட்டு விழும்.)

காரணம், நான் அப்போது பல்கலைக்கழகத்தில் மேடைப்பேச்சுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அரசியல்வாதிகளின் பழைய உரைகளை எடுத்துவைத்துக்கொண்டு, எங்கே உருவகம், எங்கே கேள்வி, எங்கே மூச்சு விட்டார் என்று அலசிப் பிழிந்து காயப்போடுகிற வேலை. அதில் நான்காம் அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு பேச்சு. எங்கள் ஊர் மில் வாசலில், நான் பிறப்பதற்கு முன்னால், ஒரு தொழிற்சங்கத் தலைவர் பேசியது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரில் எல்லோரும் 'தோழர்' என்றுதான் சொல்வார்கள். மில்லில் பதினெட்டுப் பேரை வேலையைவிட்டு நிறுத்தியபோது, ஷிப்டு முடிந்து வந்தவர்களை வாசலில் நிறுத்தி அவர் பேசினார். பேச்சைக் கேட்டவர்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். பதினோரு நாள் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பதினெட்டுப் பேருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. மில் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது, தோழரும் போய்விட்டார். ஆனால் அந்தப் பேச்சின் ஒரு வரி மட்டும் எங்கள் உப்பளம் பகுதிச் சுவர்களில் என் சின்ன வயதுவரை சிவப்புப் பெயின்டில் இருந்தது: 'எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம்.'

என் வீட்டில் யாரும் மில்லில் வேலை பார்த்ததில்லை. அப்பா தபால் ஆபீஸ். அதனால் மில்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சங்கம் போட்டிருந்த பழுப்பேறிய சிறு புத்தகம்தான். சங்கத்து எழுத்தர் ஒருவர் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, கேட்கக் கேட்க எழுதிய பேச்சு அது. அதன் நட்டநடுவில் அடைப்புக்குறிக்குள் 'இரண்டு நிமிட மௌனம்' என்று போட்டிருந்தது. மௌனம் முடிந்ததும் வருகிற வரிகள் இவை: 'அவசரப்படாதே. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம்.'

இந்த இடத்தில் எனக்குப் பித்துப் பிடித்தது. அதுவரை தோழர்களே, தோழர்களே என்று ஊரையே அழைத்துப் பேசிய மனிதர், இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு, பிறகு யாரோ ஒரே ஒரு ஆளிடம் 'அவசரப்படாதே' என்கிறாரே, அது யார்? முதலாளியா? அவரிடம் எதற்கு அவசரப்படாதே என்று சொல்ல வேண்டும்? மூன்று மாதம் தூக்கமில்லை. ஒருநாள் வைத்திக்குப்பம் கடற்கரையில் மீன் வாங்கப் போன இடத்தில் பளிச்சென்று விடை கிடைத்தது. தோழர் காலத்தைப் பார்த்துச் சொல்கிறார். காலத்தையே ஒரு ஆளாக எதிரில் நிறுத்தி, பொறுமையாக இரு என்று கட்டளை போடுகிறார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மீன்காரம்மா எனக்கு நிறுத்த மீனில் பாதியைக் கூடையிலேயே திருப்பிப் போட்டுக்கொண்டதுகூடத் தெரியவில்லை.

அதைப் பதினான்கு பக்கம் எழுதினேன். 'தமிழ் மேடையின் மாபெரும் மௌனம்' என்று உபதலைப்பு வேறு.

இதே சமயத்தில் எனக்கு இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்த அருள். நான் கேட்கிற புத்தகத்தைவிட, நான் கேட்க மறந்த புத்தகத்தை எடுத்துவைக்கிற ஆள். இரண்டு வருடமாகப் புத்தகம் கொடுத்து வாங்கி, கடைசியில் கல்யாணம் என்கிற இடத்துக்கு வந்திருந்தோம். என் வீட்டில் சரி என்றாகிவிட்டது. அருள் வீட்டில் அம்மா இல்லை, அப்பா மட்டும். அவர் சம்மதித்தால் போதும். அவர் சம்மதிக்காவிட்டால் நடக்காது, ஏனென்றால் அருள் அப்பாவின் பேச்சை மீறுகிற பிள்ளை இல்லை. எனக்கு அந்தக் குணத்துக்காகத்தான் அவனைப் பிடித்தது, அந்தக் குணத்தை நினைத்தால்தான் பயமாகவும் இருந்தது.

"எங்கப்பா போட்டோ எல்லாம் பாக்க மாட்டாரு. ஜாதகமும் கேக்க மாட்டாரு" என்றான் அருள்.

"பின்ன?"

"கொரல கேக்கணும்பாரு. அவரு சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்காரு இல்ல, ஒரு ஆளு பேசறத கேட்டா அவங்க எப்படின்னு தெரிஞ்சிடும்னு ஒரு நெனப்பு. ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்கு வர்றாரு. ரெண்டு வார்த்த மரியாதையா பேசு, போதும்."

ரெண்டு வார்த்தை மரியாதையாகப் பேசுவதற்கு நான் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். "வாங்க மாமா. உட்காருங்க." இதில் 'உட்காருங்க' கொஞ்சம் அதட்டலாக விழுகிறது என்று அம்மா சொன்னாள். குழைத்துச் சொல்லிப் பார்த்தேன். ஏதோ வேண்டுதல் மாதிரி இருக்கிறது என்றாள். நான்கு நாள் இதே வேலை.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம், உப்பளத்தில் சங்கக் கட்டடத்தில் தோழரின் நினைவுக் கூட்டம். சங்கச் செயலாளர் என் ஆய்வைக் கேள்விப்பட்டு, "பழைய ஆளுங்கதாம்மா வருவாங்க, தோழர் பேச்சப் பத்தி நாலு நல்ல வார்த்த பேசிட்டுப் போ" என்று அழைத்திருந்தார். நாலு நல்ல வார்த்தை கேட்டவருக்கு நான் பதினான்கு பக்கத்தோடு போனேன். அம்மாவும் வந்தாள். அருளுக்கு நூலகத்தில் ஆறு மணிவரை வேலை. முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தான்.

சுமார் அறுபது பேர் இருந்தார்கள். பாதிக்குமேல் மில்லில் வேலை பார்த்தவர்கள். மேடைக்குப் பின்னால் துணிப் பதாகையில் அந்த வரி. பக்கவாட்டு மூலையில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் ஆம்ப்ளிஃபயர், அதன் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட லுங்கியுமாக மைக் செட்காரர். நான் மைக்கைத் தட்டிப் பார்த்ததும் அவர் எழுந்து வந்தார்.

"கொஞ்சம் தள்ளி நின்னு பேசும்மா. கிட்ட போனா மூச்சு பட்டு ஊதுது."

"எனக்கு மைக்ல பேசி பழக்கம் இருக்குங்க" என்றேன்.

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். (இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.)

முதலில் அடுக்கிச் சொல்லுதலில் ஆரம்பித்தேன். 'அந்தப் பதினெட்டுப் பேர் உள்ளே வராமல் நாங்கள் உள்ளே போக மாட்டோம்' என்று தோழர் ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்கிறார். "முதல் முறை அது துக்கம்" என்றேன், குரலைத் தாழ்த்தி. "இரண்டாம் முறை அது கோபம். மூன்றாம் முறை அது உறுதி. ஒரே வாக்கியம், மூன்று உணர்வுகள்."

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி கையைத் தூக்கினார். செல்வமேரி அக்கா. மில்லில் நூல் சுற்றுகிற பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவர் என்று செயலாளர் முன்பே அறிமுகப்படுத்தியிருந்தார்.

"அதில்லம்மா. ஷிப்டு முடிஞ்சா ஒரேடியா எல்லாரையும் வெளிய வுட மாட்டான். நூலு கீலு எடுத்தினு போறமான்னு கேட்ல சோதன போட்டு, பத்துப் பத்து பேராத்தான் வுடுவான். மொத பத்து பேரு வந்தப்ப ஒரு வாட்டி சொன்னாரு. அடுத்த பத்து பேரு வந்ததும் அவங்களுக்கு ஒரு வாட்டி. கேட் மீட்டிங்ல எல்லாருமே அப்படித்தான் பேசுவாங்க. இல்லன்னா பின்னால வர்றவங்களுக்கு இன்னா ஏதுன்னு புரியாதே."

கூட்டத்தில் பல தலைகள் ஆமாம் என்று ஆடின. நான் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டே, "நடைமுறைத் தேவை ஒரு கலைநுட்பமாக உயர்ந்தது என்று கொள்ளலாம்" என்றேன். செல்வமேரி அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொல்லுது இந்தப் பொண்ணு என்று கேட்பது மைக்கில்லாமலே எனக்குக் கேட்டது.

விடுவேனா? நேராக மௌனத்துக்குப் போனேன். இரண்டு நிமிட மௌனத்தைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். கொதிக்கிற கூட்டத்தின் முன்னால் ஒரு மனிதர் வேண்டுமென்றே பேச்சை நிறுத்துகிறார் என்றால் அவருக்கு எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும் என்றேன். ஒரு சொல்லும் இல்லாமல் அவர் அத்தனை பேர் மனத்தையும் கட்டிப்போட்டார் என்றேன். பிறகு, கைகளை விரித்து (கண்ணாடி முன்னால் இதற்கும் ஒத்திகை பார்த்திருந்தேன்), அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"மௌனம் கலைகிறது. 'அவசரப்படாதே. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம்.' யாரைப் பார்த்துச் சொல்கிறார் தோழர்? காலத்தைப் பார்த்து!"

மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இல்லம்மா. என்னப் பாத்துத்தான் சொன்னாரு."

மைக் செட்காரர் எழுந்து நின்றிருந்தார்.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என் ஆய்வுக்கு உயிருள்ள சாட்சி கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். "கேட்டீர்களா?" என்றேன் கூட்டத்தைப் பார்த்து. "காலத்தை நோக்கிச் சொன்னதை ஒவ்வொரு எளிய மனிதரும் தன்னைப் பார்த்தே சொன்னதாக உணர்ந்திருக்கிறார். இதுதான் இந்த அணியின் வெற்றி. நன்றி ஐயா, உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அவர் மறுபடியும் எழுந்தார்.

"நெசமாவே என்னத்தாம்மா சொன்னாரு. அன்னிக்கி மைக் செட்டு என்னுது."

"புரியுது ஐயா. நீங்க அங்க இருந்திருக்கீங்க, அதனால அப்படித் தோணும். உட்காருங்க."

"தோணறதுக்கு இன்னா இருக்கு. ஒயரு புடுங்கிக்கிச்சி."

"ஐயா, கேள்விகளுக்குக் கடைசியில நேரம் இருக்கு. தயவுசெஞ்சு உட்காருங்க."

மூன்றாவது 'உட்காருங்க' கட்டடத்துக்கு வெளியே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தெருக்கோடிவரை போனது என்று பின்னால் சொன்னார்கள். முதல் முறை அது மரியாதை. இரண்டாம் முறை சலிப்பு. மூன்றாம் முறை அதட்டல். ஒரே சொல், மூன்று உணர்வுகள். அன்றைய தினம் அந்தக் கட்டடத்தில் நான் சொன்ன கோட்பாட்டுக்குப் பொருந்திய ஒரே பேச்சு என்னுடையதுதான்.

சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அருள் உள்ளே வந்தான். மேடையில் நான் விரல் நீட்டி நிற்பதைப் பார்த்தான். என் விரல் காட்டிய திசையைப் பார்த்தான்.

"அப்பா, நீங்க எங்க இங்க?" என்றான்.

எனக்கு முதலில் கேட்டது, எங்கோ ஒரு ஃபேன் ஓடுகிற சத்தம். பிறகு அம்மா "கடவுளே" என்று சொல்வது. மைக் என் வாய்க்கு அருகில்தான் இருந்தது என்பதால் நான் எச்சில் விழுங்கியதும் தெருக்கோடிவரை போயிருக்கும். ஊரில் எத்தனையோ சவுண்ட் சர்வீஸ் இருக்கின்றன. நாளைக்கு வரவேண்டிய மனிதர் இன்றைக்கே வந்து ஒரு மூலையில் லுங்கியோடு உட்கார்ந்து என் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன்? அழைப்பிதழில் என் பெயரைப் பார்த்துவிட்டு, இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத கூட்டத்துக்கு, இந்த முறை மைக் செட் என்னுடையதாக இருக்கட்டும் என்று அவரே கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அருளின் அப்பா கண்ணப்பன் மாமா மகனைப் பார்த்து இரு என்பது போலக் கையைக் காட்டினார். மேடைக்கு வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் மேசைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மைக் இல்லாமல், மெல்லிய குரலில் பேசினார். பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள்.

"எனக்கு அப்ப இருவத்திரண்டு வயசு. சொந்தமா செட்டு வாங்கி மொத கூட்டம் அதான். மில்லுல கரண்டு குடுப்பானா, லாரி பேட்டரிய வச்சித்தான் ஓட்டினேன். எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. மைக் செட்காரன் சத்தத்ததான் கேக்கணும், பேச்ச கேக்கக்கூடாது. பேச்ச கேட்டான்னா கவனம் போயிடும். அன்னிக்கி நான் கேட்டுட்டேன். எங்க மாமா ஒருத்தரு அந்தப் பதினெட்டு பேர்ல இருந்தாரு. தோழர் பேசப் பேச என்ன அறியாம ரெண்டடி முன்னால போயிட்டேன். கால்ல ஒயரு மாட்டி பேட்டரி கிளிப்பு புடுங்கிக்கிச்சி."

ஒயர் மாட்டிய இடத்தைக் காட்டுவது போலத் தன் காலைப் பார்த்தார்.

"தோழர் பேச்ச நிறுத்தலம்மா. பின்னால இருந்தவங்களுக்குக் கேக்கல, அவ்ளோதான். எழுதினவரு பின்னால இருந்தாரு, மௌனம்னு எழுதிட்டாரு. எனக்கு ஒரே அவசரம். கிளிப்ப மாட்ட மாட்ட நழுவுது. தோழர் ஸ்டூலு மேல நின்னுக்கிட்டிருந்தவரு குனிஞ்சி என்னப் பாத்தாரு. பேரு இன்னாப்பான்னு கேட்டாரு. கண்ணப்பன்னேன். சாப்ட்டியான்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்ப கிளிப்பு மாட்டிக்கிச்சி, எனக்கே தெரியல. அவரு என்னப் பாத்து, அவசரப்படாதே, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம்னாரு. அது நாலு குழாயிலயும் போயிடுச்சி."

மேசைமேல் கிடந்த ஒயரை நகர்த்திவைத்தார். "அத கேட்டுட்டு ஜனங்க ஒவ்வொருத்தரா கீழ உக்கார ஆரம்பிச்சிட்டாங்க. அங்கேர்ந்து ஊர்வலமா போறதா இருந்திச்சி. தோழர் பாத்தாரு. அப்படியே வுட்டுட்டாரு."

அவர் தலை குனிந்துகொண்டார். "சொவத்துல எழுதினாங்க, புக்கு போட்டாங்க. எல்லாரும் அந்த எடத்தத்தான் புகழ்றாங்க. அது என் தப்புல வந்ததுன்னு நான் யாருகிட்ட சொல்ல? இந்தக் கூட்டத்துப் பக்கமே வந்தது கெடையாது. இப்பகூட சொல்லியிருக்க மாட்டேன். இந்தப் பொண்ணு இத வச்சி பட்டம் வாங்கப் போவுது. நாளைக்கி எவனாவது கேட்டு அது தலகுனிஞ்சி நிக்கக்கூடாது. அதான் எழுந்தேன். நடுவுல பேசிட்டேன், மன்னிச்சிக்கம்மா."

மன்னிப்பு என்னிடம் கேட்டார். அவரை மூன்று தடவை உட்காரச் சொன்ன என்னிடம். நான் அதுவரை படித்த இலக்கணமும் அணியும் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. கையிலிருந்த பதினான்கு பக்கத்தையும் மடித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவமானத்தில் பாதி, மீதி எதனால் என்று அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும். முப்பது வருடம் மூடிவைத்ததை அந்த மனிதர், இன்னும் அறிமுகம்கூட ஆகாத ஒரு பெண்ணுக்காக அறுபது பேர் முன்னால் திறந்துவிட்டார்.

முதலில் எழுந்தது செல்வமேரி அக்கா. அவர் நேராக மாமாவிடம் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். மாமா இரண்டடி பின்னால் போனார்.

"அப்ப நீதானா அது? பதினோரு நாளு வெயில்ல உக்காந்தோம். உக்காந்த எடத்துல எனக்குக் கொப்பளம் போட்டுச்சி."

"ஆமாங்கக்கா."

"ஊர்வலம் போயிருந்தா அன்னிக்கி சாயங்காலமே போலீசுக்காரன் கலைச்சிருப்பான். வேல போயிருக்கும், எனக்கும் சேத்து." அக்கா அவர் தோளில் ஒன்று வைத்தார். "இத்தினி வருசமா இதப்போயி மறச்சினு இருந்திருக்கியே, பைத்தியம்."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் உயிரோடிருந்த ஒருவர் தடியை ஊன்றி வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. செயலாளர் எனக்காக வாங்கிவைத்திருந்த பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மாமாவைக் காட்டினேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக வரவிருந்த பொன்னாடை அப்படிப் போயிற்று.

கூட்டம் முடிந்து அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். அருள் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் நான். நான்கு நாள் ஒத்திகை பார்த்த வசனத்தில் 'உட்காருங்க'வை இனி ஜென்மத்துக்கும் சொல்ல முடியாது என்பதால் மிச்சம் இருந்தது 'வாங்க மாமா' மட்டும்தான். ஏற்கனவே வந்திருப்பவரிடம் அதையும் சொல்ல முடியாது.

"மாமா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

அவர் ஒயரை முழங்கையில் சுற்றியபடியே சொன்னார். "கொரலு நல்லாத்தான் இருக்கு. மைக்குக்கு ரொம்பக் கிட்ட போற."

அருள் நிம்மதியாக மூச்சு விட்டான். அவன் வீட்டில் அதுதான் சம்மதமாம். எனக்கு அது தெரியாததால் நான் இன்னும் அழுதுகொண்டிருந்தேன்.

"அட, எதுக்கு அழுவுற" என்றார் மாமா. "முப்பது வருசத்துல ரெண்டே ரெண்டு வாட்டிதான் நான் பேச்ச கேட்டிருக்கேன். அன்னிக்கி தோழர் பேசினது, இன்னிக்கி நீ பேசினது. ரெண்டு வாட்டியும் நடுவுல பூந்து கெடுத்துட்டேன். நான்தான் அழுவணும்."

வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் அம்மா, "நீ நல்லா வருவடி" என்றாள். நான் நோட்டை எடுக்கவில்லை.

என் ஆய்வேட்டில் அந்தப் பதினான்கு பக்கம் இல்லை. நான்காம் அத்தியாயத்தை மறுபடி முதலிலிருந்து எழுதினேன். இந்தமுறை செல்வமேரி அக்காவிடமும், அக்கா கூட்டிவந்த எட்டுப் பேரிடமும், மாமாவிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். அடைப்புக்குறிக்குள் மௌனம் என்றிருந்த இடத்தில் 'பெயர் என்னப்பா, சாப்பிட்டாயா' என்று இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், இது மேடைப்பேச்சு ஆய்வுக்குத் தேவைதானா என்று கேட்டார். அந்தப் பேச்சிலேயே நல்ல இடம் அதுதான் என்றேன்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. பொன்னாடை இன்றும் மாமாவின் கடையில் ஆம்ப்ளிஃபயர்மேல் தூசிக்குப் போர்த்தியிருக்கிறது. வீட்டில் குக்கர் விசில் வராமல் நான் அதை முறைத்துக்கொண்டு நின்றால், அருள் பின்னாலிருந்து, "யாரைப் பார்த்துச் சொல்கிறார்? காலத்தைப் பார்த்து" என்று கைகளை விரிப்பான். யாராவது குளியலறையை விட்டு வரத் தாமதித்தால் வெளியே இருப்பவர் அந்தப் புகழ்பெற்ற வரியை ராகம் போட்டுச் சொல்வார். மாமாவை யாராவது ஒரு முறைக்கு மேல் உட்காரச் சொன்னால், என் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு எண்ண ஆரம்பிக்கிறாள். இரண்டுக்கு மேல் போனால் வீடே கைதட்டும்.

அந்தப் பெண் பிறந்த நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். காலையில் சேர்த்தார்கள், மத்தியானம் மூன்று மணியாகியும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் முகம் சுளித்தார். அருள் முகம் வெளுத்துப் போயிருந்தான். நான் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன். பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வராந்தாவில் மாமா நின்றிருந்தார். ஒரு கல்யாண வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார், கழுத்தில் இன்னும் ஒயர் சுருள் தொங்கியது. வண்டியோடு கூடவே நாலடி நடந்து வந்து, மைக்கில் சொல்லாத அந்த மெல்லிய குரலில் சொன்னார்.

"அவசரப்படாதம்மா. எவ்ளோ நேரமானாலும் காத்திருக்கிறோம்."

வண்டியைத் தள்ளிய நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க எங்க பெரியவரே அவசரப்படறோம்? யாரப் பாத்து சொல்றீங்க?"

மாமா பதில் சொல்வதற்குள் வலி ஒன்று வந்து போனது. அது போனதும், பல்லைக் கடித்துக்கொண்டு நானே சொன்னேன்.

"என்னப் பாத்துத்தான் சொன்னாரு."